லேபா தெரு, பதினான்கு

பத்தொன்பது வருடம்
இந்த ஊரில் எனக்கு முகவரிகள்தான் தெரியும்.
முகங்கள் பாதி:
திரைச்சீலை விலகும் அகலத்துக்கு ஒரு கண்,
கையெழுத்துப் போட நீளும் ஒரு மணிக்கட்டு.

பிறகு தபால் நிலையத்தை மூடிவிட்டு
கடையோரம் ஓர் இரும்பு அலமாரி வைத்தார்கள்.
எண்ணைத் தட்டினால் தானே திறக்கும்.
எனக்கு நாற்பத்தாறு.
எஸ்தோனியாவின் இந்த மூலையில், வோருவில்,
அந்த வயதுப் பெண்ணுக்கு
மரம் அறுக்கும் ஆலை உண்டு,
தங்கை பாத்திரம் கழுவும் ஃபின்லாந்து உண்டு.
நான் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன்.
அந்த உறைக்கு முத்திரை குத்தியதும் நான்தான்,
கடைசி வாரத்தில், கொஞ்சம் அழுத்தமாக.

முதலில் ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போடச் சொன்னார்கள்.
பக்கத்தில் கெர்டு,
நான் பையைத் தோளில் மாட்டிய வருடம் பிறந்தவள்,
மூன்று நொடியில் முடித்தாள்.
என் பழம் ஒழுகியது.
வீட்டுக்குக் கொண்டுபோய் உரித்துத் தின்றேன், உப்புக் கரித்தது.
மகன் ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை.

இரவுகளில் பெருக்கல், வகுத்தல்.
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம், நிமிடத்துக்கு இத்தனை சொட்டு.
தசமப் புள்ளி கடுகளவு.
இடம் மாறி விழுந்தால் ஆள் போய்விடும்.
வீடு மாறிப் போட்ட கடிதத்தை
மறுநாள் மன்னிப்புக் கேட்டு வாங்கிவிடலாம்.
இதை?

மூன்றரை வருடம் கழித்து முதல் இரவுப் பணி.
ஆறாம் கட்டில்: கல்யு பிஹெல்காஸ்,
எண்பத்தொன்று, நுரையீரலில் நீர்.
முகம் பிடிபடவில்லை.
முகவரியைப் படித்ததும் கால்களுக்குத் தெரிந்துவிட்டது.
லேபா தெரு, பதினான்கு.
பச்சைப் பெட்டி, துருப்பிடித்த மூடி, மூன்றாம் படி ஆடும்.
முரி என்றொரு நாய்.
மாதம் ஒருமுறை கனடாவிலிருந்து நீல உறை,
ஒரு பெண்ணின் கையெழுத்து,
ஏழு எழுதினால் அதன் இடுப்பில் ஒரு கோடு.
எட்டு வருடம் முன்பு ஓர் அக்டோபரில் நின்றுபோனது.
நின்றது தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.
நான் கேட்டதில்லை.
கேட்பது அன்று என் வேலையில் சேர்த்தியில்லை.

இன்று கேட்பதற்குத்தான் சம்பளம்:
மூச்சு எப்படி, வெளிக்குப் போனீர்களா,
வலி பத்துக்கு எத்தனை.

கண்ணாடியை மூக்கில் இறக்கி நாளம் தேடினேன்.
ஒருமுறை தப்பியது.
மறுமுறை தோலுக்கடியில் அந்த நீலக் கோடு
தள்ளிப் படுத்துக்கொண்டது.
கெர்டுவைக் கூப்பிட்டேன்.
மூன்று நொடி.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சட்டையில் பிரெத் என்று பெயர் இருந்தது, படிக்கவில்லை.
"மழை நாளில் பேப்பரை
எழுத்து உள்ளே போக மடித்து வைப்பவள் நீதானே."
"நான்தான்."
"ஏதாவது வந்திருக்கிறதா?"

காய்ச்சல் முப்பத்தொன்பது. குறித்துக்கொண்டேன்.
"இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்றேன்.
பழைய குரல் அப்படியே வந்தது,
வேலிக்கு வெளியே நின்று சொல்லும் குரல்.
அவர் தலையசைத்தார்.
அதில் ஏமாற்றமில்லை, வழக்கம்.
நான் வேலிக்கு உள்ளே நின்று
அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விடிவதற்கு முன் தெளிந்தார்.
நுரையீரலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.
முரிக்கு யார் சோறு வைப்பார்கள் என்றார்.

ஏழரை மணி, இன்னும் இருட்டு, பனி.
வெள்ளைக் காலணியை மாற்ற மறந்திருந்தேன்.
காகிதக் கோப்பையில் வார்டு சமையலறையின் இறைச்சிக் குழம்பு
கையிலேயே உறைந்துகொண்டு வந்தது.
சாவி தபால் பெட்டிக்குள்,
அந்தத் தெருவுக்கே தெரிந்த ரகசியம்.
மூன்றாம் படி ஆடியது.

உள்ளே நகங்கள் தரையைப் பிறாண்டின.
பிறகு,
மூன்றரை வருடப் படிப்பையும் பொருட்படுத்தாமல்
கதவு அதிரத்
தபால்காரியைக் குரைத்தது.